எதை வெட்டினேன்

வின்ச்சின் கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து போக முடியாது, அதுதான் முதல் சிக்கல், போக முடிந்தால் பின்னறையில் இருக்கும் சாக்கைக் கவிழ்த்து அந்தத் துண்டுகளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன், பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம், ஆனால் மேலே கலாக்காவும் பிரதீபாவும் ஊஞ்சல் போல் தொங்குகிற இரும்புப் பாரில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை மேலே ஏற்றிய கயிறு கப்பிகளில் நுழைந்து சுவரோரம் இறங்கி என் முன்னால் இருக்கும் இந்த வின்ச்சில்தான் சுற்றியிருக்கிறது, பூட்டுப் போட்டிருக்கிறேன், போட்டாலும் ஆள் விலகக் கூடாது, அது நானே எல்லோருக்கும் சொன்ன விதி. கொட்டகை நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு காலத்தில் மில்லின் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்த இடம், புதுச்சேரியில் இவ்வளவு உயரமான கூரை குறைந்த வாடகைக்கு வேறெங்கே கிடைக்கும் என்று கலாக்கா பிடித்தது, இன்று எங்கள் சர்க்கஸ் பள்ளியின் ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு தாத்தா மட்டும் விசிறிக்கொண்டு தூங்குகிறார். வயலின் ஓடுகிறது. பிரதீபா கலாக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பாரின் மேல் எழுந்து நிற்கிறாள். கூரையின் இரும்புக் கர்டரில் இரண்டு பச்சை ஸ்லிங்குகள், வளையமாகத் தைத்த துணிப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கப்பி, அந்த இரண்டும்தான் இவர்கள் இருவரையும் தாங்குகின்றன, காலையில் நான்தான் மாட்டினேன். மாட்டிவிட்டு, கெட்டுப்போன ஒரு ஸ்லிங்கைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சாக்கில் போட்டேன். இதுவரை சரி. ஆனால் வெட்டும்போது கத்தரி எங்கேயும் தடுக்கவில்லை. இப்போதுதான், அவள் எழுந்து நின்றபோதுதான், அது நினைவுக்கு வந்தது, கத்தரி வழுக்கிக்கொண்டு போயிற்று, உருகி இறுகிய இடம் இருந்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் கரகரவென்று தடுத்திருக்குமே. அப்படியானால் நான் வெட்டியது நல்லதை. கெட்டது எங்கே.

மெல்ல யோசி. மொத்தம் நான்கு. ஒரே நாளில் வாங்கியவை, ஒரே நீளம், ஒரே பச்சை, அந்தப் பச்சைக்கு இரண்டு டன் என்று அர்த்தம், துறைமுகத்தில் இயந்திரம் தூக்குகிற சாமான், கம்பி ஸ்லிங்கா இதுவா என்று அப்போது நான் நிறைய யோசித்தேன், கம்பி சூட்டுக்கு அஞ்சாது, ஆனால் கர்டரில் வழுக்கும், சிலும்பினால் கையைக் கிழிக்கும், இது துணி, கர்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், விளிம்பு அறுக்காமல் அடியில் பழைய கம்பளத் துண்டு வைத்தால் போதும், விளக்குகள்தான் தூரத்தில் இருக்கின்றனவே என்று துணியையே எடுத்தேன். இரண்டு பாருக்கு, ஒன்று அந்தக் கோடியில் பிள்ளைகள் தொங்கி ஆடுகிற வளையத்துக்கு, ஒன்று கையிருப்பு. வியாழக்கிழமை ஒத்திகையில் விளக்குப் போடுகிற ஆள் ஒரு பெரிய விளக்கைக் கர்டர் ஓரமாக ஏற்றிவிட்டான், அதன் தகரம் பாரின் இடது ஸ்லிங்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, நான் இறக்கித் தடவியபோது விரலில் ஓரிடம் தட்டுப்பட்டது, தோல் வெந்து பொருக்குத் தட்டின மாதிரி, கட்டைவிரல் அகலம்கூட இல்லை. வெளியே இருப்பது உறைதான், உள்ளேதான் நூல், ஆயிரம் ஆயிரமாக வெள்ளை நூல் சுற்றிச் சுற்றி, பாரத்தைத் தாங்குவது அதுதான், உறைக்கு உள்ளே என்ன ஆயிற்று என்று திறந்து பார்க்க முடியாது, அதனால்தான் உறை உருகினால் தூக்கி எறி என்பார்கள், சும்மா எறிந்தாலும் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள், வெட்டி எறி. விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னேன், வளையத்தினுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் கழற்றினேன், கர்டரைத் துடைத்தேன். இன்று காலை நான்கையும் பாயில் போட்டேன், கெட்டதைச் சற்றுத் தள்ளி வலது பக்கம். என் வலதா, பாயின் வலதா? நான் ஏணியை எடுக்க எழுந்து சுற்றி வந்தேன். திரும்பி வந்து எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தேனா, அதே பக்கத்திலா? அப்போதுதான் கலாக்கா வந்தாள்.

கலாக்கா பல் தேய்த்துக்கொண்டே வந்தாள், வாயில் நுரை, அப்படித்தான் அவள் பெரிய விஷயங்களைச் சொல்வாள், முன்பு நாங்கள் இருந்த சர்க்கஸ் கம்பெனியை விட்டு விலகலாம் என்று சொன்னபோதும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உல்லாசக் கப்பல் ஒன்றில் ஆட்டம் கிடைத்திருக்கிறதாம், ஒன்பது மாத ஒப்பந்தம், ஜோடியாக, அவளும் பிரதீபாவும். அடுத்த மாதமே கிளம்ப வேண்டுமாம். பள்ளியை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்தக் கேள்வி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவளே சொன்னாள், “கப்பல்ல மாட்டுறதுக்கெல்லாம் அவங்களே ஆள் வச்சிருக்காங்களாம், ஸ்டெல்லா.” நல்லது என்றேன். அவள் நுரையைத் துப்பப் போனாள். நல்லது என்று சொன்னது நினைவிருக்கிறது, சொன்ன குரல்கூட நினைவிருக்கிறது, கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு சொல்வது போல, ஆனால் அதற்குப் பிறகு கர்டரில் உட்கார்ந்திருக்கிறேன், முதல் ஸ்லிங் மாட்டியாயிற்று, நடுவில் எதுவும் இல்லை. ஸ்லிங்கை மாட்டுவதற்கு முன் நான் முழுவதையும் தடவுவேன், ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து விரல்களுக்கு நடுவே ஓடவிட்டு அதே இடத்துக்கு வந்து நிறுத்துவேன், ஒருநாளும் தவறியதில்லை, இன்றும் தடவினேன், இதோ கையில் அந்த வழவழப்பு இருக்கிறது, உள்ளே நூல் உருண்டு உருண்டு ஓடுவது தெரிகிறது. ஆனால் அது இன்றைய வழவழப்பா, போன வாரத்தினுடையதா? தினமும் செய்கிற வேலையின் ஞாபகத்துக்குத் தேதி கிடையாது. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நிற்கிறவளிடம் போய்க் கேட்டால், பூட்டினேன் என்றும் தோன்றும், பூட்டவில்லை என்றும் தோன்றும், இரண்டு பூட்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

பிரதீபா கையை விரிக்கிறாள். அந்தக் கை விரிப்பு என்னுடையது. விரலை நீட்டாமல் லேசாக மடித்து வைப்பது, நான் அப்படிச் செய்தது கட்டைவிரல் எலும்பு முன்பு ஒருமுறை பிசகியிருந்ததால், அவளுக்குக் கட்டைவிரல் நன்றாகத்தான் இருக்கிறது, கலாக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள், அழகுக்காக என்று நினைத்திருப்பாள். பன்னிரண்டு வருஷம் கலாக்கா முழங்காலில் தொங்கினாள், நான் அவள் கையில் தொங்கினேன். என் இடது தோள் யாருடைய தவறாலும் போகவில்லை, விழவும் இல்லை, தேய்ந்து தேய்ந்து ஒருநாள் காலையில் தலைவாரக் கை தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் மேலே போவது ஏணியில்தான். எனக்கு என் இடத்துக்கு வந்த பிரதீபா மேல் பொறாமையா? ஆமாம் என்று எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டேன், பல்வலி மாதிரி, இருக்கிறது, அதோடு சாப்பிடுகிறோம் தூங்குகிறோம். ஆனால் இப்போது இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? போன மாதம் கப்பியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஒத்திகையை நடுவில் நிறுத்தினேன், மேலே ஏறிப் பார்த்தால் ஒன்றுமில்லை, கூரைத் தகரம் வெயிலுக்கு விரிந்த சத்தம், அன்றைக்கு பிரதீபா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள், கலாக்கா என்னை ரெண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னாள். ஓய்வு. அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசியிருப்பார்கள், பேசாமலா இருப்பார்கள். இப்போதும் நான் நிறுத்தினால், அதுவும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதுவும் காலையில் கப்பல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, யார்தான் பொறாமை என்று நினைக்க மாட்டார்கள், நானே அப்படித்தான் நினைக்கிறேன், பொறாமைதான் கத்தரிக்கோலைப் பற்றிப் புதிதாக ஒரு ஞாபகத்தைத் தைத்துக் கொடுக்கிறது, நிறுத்து நிறுத்து, அவளை விழ விடாதே, கலாக்காவைப் பிடிக்க விடாதே என்கிறது. சரி, நிறுத்தவில்லை என்று வைத்துக்கொள், சும்மா இருக்கிறேன், அப்போது சும்மா இருப்பது யார்? காலையில் கண்ணைத் திறந்துகொண்டே எதையும் பார்க்காமல் மாட்டிய கை யாருடைய கை? நிறுத்துவதும் பொறாமை, நிறுத்தாமலிருப்பதும் பொறாமை, இரண்டு பக்கமும் அதுவே நின்றுகொண்டு கையை நீட்டினால் நான் எந்தப் பக்கம் போவேன்.

இரண்டு டன் என்கிறதே, கொஞ்சம் வெந்திருந்தால்தான் என்ன, பாதி போனாலும் ஒரு டன், இவர்கள் இருவரும் சேர்ந்தாலும் நூற்றுப்பத்து கிலோ. ஆனால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது நூற்றுப்பத்து. பிரதீபா மேலிருந்து விழுந்து கலாக்காவின் கையில் வந்து நிற்கிற அந்த ஒரு இழுப்பில் அவள் எடை அவ்வளவோடு நிற்பதில்லை, நான் விழுந்தபோது கலாக்காவின் தோள் இரண்டும் கழுத்தைவிட்டு விலகுவதைப் பார்த்திருக்கிறேன், ஆளே மூன்று நான்கு ஆளாகிவிடுவாள். அதுவும் கயிறு கப்பியில் நுழைந்து கீழே வருகிறது, மேலே தொங்குகிற பாரமும் கீழே நான் பிடித்திருக்கிற இழுப்பும் சேர்ந்து கப்பியை இழுக்கும், ஸ்லிங்குக்கு இரட்டைச் சுமை. அப்போதும் தாங்கும். தாங்கும் என்றுதான் கணக்குச் சொல்கிறது. கணக்கு நல்ல நூலுக்குப் போட்டது. உள்ளே வெந்த நூல் எத்தனை என்று கணக்குக்குத் தெரியாது. விழும்போது ஒரு நொடி இருக்கிறது, பாரை விட்டாயிற்று, கலாக்காவின் கை இன்னும் வரவில்லை, அந்த நொடியில் எனக்கு வயிறு இருக்காது, பெயர் இருக்காது, பயமும் இருக்காது, அதற்காகத்தான் பன்னிரண்டு வருஷம் விழுந்தேன் என்று நினைக்கிறேன், பிறகு வழுக்காமலிருக்கப் பவுடர் அப்பிய கையின் கரகரப்பு மணிக்கட்டில் இறுகும், அவள் மூச்சு விடுவாள். மேலே மாட்டியது யார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கம்பெனியில் மாட்டுகிற ஒரு ஆள் இருந்தார், அவர் முகம்கூட இப்போது வரவில்லை. பிரதீபாவும் நினைக்கவில்லை. அவள் முகம் எவ்வளவு காலியாக இருக்கிறது பார், அப்படித்தான் இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொள்கிறாள், கலாக்கா பின்னால் சாய்ந்து முழங்காலில் தொங்கத் தயாராகிறாள், வயலின் கீழே இறங்குகிறது, இது முடிந்ததும் மேளம், மேளத்தில் அவள் விழுவாள்.

நான் முடிவு செய்யவில்லை. செய்தேன் என்று பிறகு யாரிடமாவது சொன்னால் அது பொய். பூட்டை எடுத்தது தெரிந்தது, கைப்பிடி சுற்றுவது தெரிந்தது, அவர்கள் இறங்குகிறார்கள். மேளம் வந்தது, பிரதீபா விழவில்லை, கண்ணைத் திறந்து கூரை விலகிப்போவதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கலாக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், முகத்தில் சிரிப்பை மாற்றவே இல்லை, கைதட்டல் கேட்டது, ஜனங்கள் ஆட்டமே இப்படித்தான் என்று நினைத்துத் தட்டுகிறார்கள். காலில் மெத்தை பட்டதும் கலாக்கா சிரித்த முகத்தோடே என்னிடம் வந்தாள். என்ன என்று கேட்டாள். மேலே ஸ்லிங்கைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், கத்தரி தடுக்கவில்லை என்றா சொல்வது. அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போய்ப் பாரு” என்றாள், மைக்கை எடுத்து ஐந்து நிமிஷம் இடைவேளை, பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்றாள். பிரதீபா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து விரலால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏணியில் ஏறினேன், எல்லோரும் பார்க்கிறார்கள், தாத்தாகூட விழித்துக்கொண்டார், கூரைக்கு அடியில் அனல், புறா எச்சத்தின் நாற்றம், இடது தோள் வழக்கம்போல் உள்ளே கிறீச்சிட்டது. இடுப்பு பெல்ட்டைக் கர்டரில் மாட்டிக்கொண்டு முதல் ஸ்லிங்கைப் பிடித்தேன். கப்பியை வேறொரு கயிற்றில் தாங்கவிட்டு, அதை ஸ்லிங்கோடு இணைக்கிற ஷேக்கிள் கொண்டியைத் தளர்த்தி முழுவதையும் விரலுக்குள் ஓடவிட்டேன். மெத்தென்று இருந்தது. திரும்ப ஒருமுறை. நகர்ந்து போய் இரண்டாவதைப் பிடித்தேன், இதில்தான், இதில்தான் இருக்க வேண்டும், ஓடவிட்டேன், நூல் உருண்டது, ஓடியது, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒன்றுமில்லை. இருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. ஷேக்கிள்களை முடுக்கிவிட்டு இறங்கும்போது ஏணிக் கம்பிகள் ஒவ்வொன்றாகக் காலுக்கு வந்தன, அவற்றை எண்ணிக்கொண்டே கீழே போய்விடலாம், அப்படியே தரைக்குள்ளும் போய்விடலாம். நல்லாத்தான் இருக்கிறது என்றேன். கலாக்கா சரி என்று தலையாட்டினாள். பிரதீபா எழுந்து வந்து, பரவாயில்லைக்கா என்றாள். அதை அவள் உண்மையாகத்தான் சொன்னாள், அதனால்தான் தாங்க முடியவில்லை.

மறுபடி ஏற்றினேன், மறுபடி வயலின், மறுபடி மேளம், பிரதீபா விழுந்தாள், கலாக்காவின் கை வந்தது, இருவரும் ஒரு ஆளாகச் சேர்ந்து ஆடினார்கள், கர்டர் லேசாக முனகியது, அவ்வளவுதான். அழகாக இருந்தது. நான் விழும்போது எப்படியிருந்தது என்று நான் பார்த்ததே இல்லை, இன்றைக்குப் பார்த்துவிட்டேன் என்று தோன்றியது. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பிறகு ஜனங்கள் எழுந்து சமோசா இருக்கிற பக்கம் போனார்கள், பிள்ளைகள் மினுமினுப்பு பூசிய முகங்களோடு ஓடினார்கள், நான் வின்ச்சைப் பூட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சாக்கைக் கவிழ்த்தேன். ஏன் கவிழ்த்தேன், மேலே நல்லதுதான் இருக்கிறது என்றால் வெட்டியது கெட்டதுதான், முடிந்துபோன விஷயம், ஆனால் அந்தக் கருகலை விரலில் தொட்டால்தான் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வரும், நான் பைத்தியமில்லை, வியாழக்கிழமை அது இருந்தது, இதோ இங்கே இருக்கிறது. பச்சைத் துண்டுகள் ஐந்து. முதல் துண்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்தினேன். இரண்டாவதை. வெட்டிய வாய்களில் வெள்ளை நூல் பிதுங்கிக்கொண்டு வந்தது, சுத்தமான, தலை கலைந்த நூல். ஐந்தையும் அழுத்தினேன், திருப்பிப் போட்டு அழுத்தினேன், ஐந்திலும் இல்லை. கத்தரி தடுக்காதது சரிதான். நல்லதைத்தான் வெட்டியிருக்கிறேன். பாரில் இல்லை, சாக்கில் இல்லை. நான்கில் மூன்று போனால். நான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன், அறைக்குள் யாரோ வந்து பாட்டில் எடுத்துக்கொண்டு போனார்கள், அது யார் என்று தெரியவில்லை. விழாவின் முதல் நிகழ்ச்சி வளையம். தன்யஸ்ரீ, எட்டு வயசு, முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்தவள், வளையத்தில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கி இரண்டு கையையும் விட்டாள், அவளைச் சுற்றிவிட்டார்கள், பம்பரம் போலச் சுற்றினாள், நான் வின்ச் பக்கம் நின்றுகொண்டு கைதட்டினேன். அப்போது எனக்கு ஒரு பயமும் இல்லை. ஒரு துளிகூட இல்லை. கப்பலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனேன். இரண்டாவது பிடியிலேயே விரல் தடுக்கியது. ஷேக்கிள் தொங்குகிற இடத்துக்கு நேர் மேலே, பாரம் முழுவதும் விழுகிற வளைவிலேயே, பொருக்கு. அழுத்தினால் நெறிந்தது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை நான் மறைக்க முடியாது, மறைக்க அங்கே யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தது இருந்தது என்று உள்ளே ஒன்று குதித்தது, நான் புளுகவில்லை, பொறாமை தைத்துக் கொடுத்ததில்லை, என் கைக்குத் தெரிந்திருக்கிறது, என்ன, இடம்தான் மாறிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருந்திருக்கும், அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் தலை தெரிந்தது, பின்னல் இரண்டும் கீழே தொங்கச் சுற்றுகிற தலை, கீழே மெத்தை இருந்தது, உயரமும் அதிகமில்லை, ஆனால் தலைதானே முதலில் வரும். ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கலாக்கா தேடிக்கொண்டு வந்தாள், துண்டைத் தோளில் போட்டிருந்தாள், மேலே என்ன செய்கிறாய் என்று கேட்டவள் என் மடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இறங்கி அவளிடம் கொடுத்தேன். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். வளையத்தைப் பார்த்தாள். காலையில் அந்த நேரத்தில் அவள் என்னிடம் பேச்சுக் கொடுத்திருக்கக் கூடாது என்றாள். அதனால் இல்லை என்றேன். பிறகு, அதனாலா இல்லையா என்று தெரியவில்லை என்றேன். அது உண்மை.

கலாக்கா ஸ்லிங்கைச் சுருட்டிச் சுருட்டிச் சின்னதாக ஆக்கினாள். “ஒண்ணும் ஆகலியே” என்றாள். “இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம், ஸ்டெல்லா. சொன்னா நாளைக்கு ஒரு புள்ள வராது. ஸ்கூல நீதான் நடத்தப் போற, எனக்காகச் சொல்லல.” அவள் எனக்காகத்தான் சொல்கிறாள், அது தெரிந்தது, அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, பவுடரின் கரகரப்பு இன்னும் போகவில்லை. அவள் சொல்வது நியாயம்தான் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன், பள்ளி மூடினால் கப்பலுக்குப் போவது நின்றுபோகுமா, அதற்காகத்தான் சொல்ல நினைக்கிறேனா, சொல்லாமலிருந்தால் பள்ளி எனக்கு, அதற்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேனா, மறுபடி அதே இடம், இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் விடிந்துவிடும். அப்போது தன்யஸ்ரீயின் அம்மா வந்தாள், ஒரு கையில் ஸ்கூட்டர் சாவி, இன்னொரு கையில் பிள்ளை, பிள்ளையின் வாயெல்லாம் சமோசாத் தூள். மின்சாரத் துறையில் வேலை, வகுப்பு நாட்களில் பிள்ளையை விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிறவள், ஒருநாள்கூட உள்ளே வந்து பார்க்கும் தைரியம் வந்ததில்லையாம், இன்றுதான் முழுக்கப் பார்த்தாளாம், நான் இருக்கிறேன் என்பதால் கண்ணை மூடாமல் பார்த்தாளாம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தொங்கவிடலாமா என்று கேட்டாள். கலாக்கா என் முழங்கையை இன்னும் விடவில்லை.

கொஞ்சம் உட்காருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பிள்ளை மடியில் ஏறிக்கொண்டது, இரண்டு முகமும் என்னை அண்ணாந்து பார்த்தன. கலாக்காவின் கையிலிருந்து அந்தப் பச்சைச் சுருளை வாங்கினேன். அவள் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, பிறகு விட்டாள். சுருளைப் பிரித்து, அந்தக் கருகின இடத்தைத் தேடி எடுத்து, அந்த அம்மாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

“வளையத்தை மாட்டினது நான்” என்றேன்.